சுழலும் ஸ்பூல், நிற்கும் ஸ்பூல்: பாஸ் மீனுக்கு எந்த ரீல்?

பாஸ் என்னும் நன்னீர் மீனுக்காகத் தூண்டில் எடுப்பவர்கள் எல்லோரும் சில மாதங்களுக்குள் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: தூண்டில் நூலான நரம்பைச் சுற்றும் ரீல்களில், கோலின் மேல்புறம் உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீலை வாங்குவதா, கீழ்ப்புறம் தொங்கும் ஸ்பின்னிங் ரீலை வாங்குவதா? ஸ்பின்னிங் புதியவர்களுக்கு, பெய்ட்காஸ்டிங் கைதேர்ந்தவர்களுக்கு என்பது இதற்குப் பழகிப்போன பதில். முதல் ரீலை வாங்குபவருக்கு அது ஓரளவு உதவலாம். அதையே விதியாக எடுத்துக்கொண்டவர்கள் ஸ்பின்னிங் கருவியை ஏறி முடித்த படியாக நினைத்து ஒதுக்கிவிட்டு, 3 கிராம் எடையுள்ள செயற்கை இரையைத் தடித்த நரம்பில் கட்டி, பெய்ட்காஸ்டரால் பத்து மீட்டர்கூட வீச முடியாமல் திண்டாடுகிறார்கள். அமெரிக்க பாஸ் போட்டிகளில் பணத்துக்காக மீன் பிடிக்கும் தொழில்முறை வீரர்களின் படகுத் தளத்தில் இரு வகைக் கோல்களும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. திறமையின் படிநிலைதான் இந்தத் தேர்வைத் தீர்மானிக்கிறது என்றால், அவர்கள் ஸ்பின்னிங் ரீலை எப்போதோ கைவிட்டிருக்க வேண்டும்.

இரண்டு ரீல்களுக்கும் இடையே இயந்திர அளவில் அடிப்படையான வேறுபாடு ஒன்றுதான்; மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. இரையை வீசும்போது பெய்ட்காஸ்டரின் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றப்பட்டிருக்கும் உருளை, சுழல்கிறது. ஸ்பின்னிங் ரீலின் ஸ்பூல் அசையாமல் நிற்கிறது. காற்றாடி விடுபவர் உருளையின் இரு முனைகளையும் தளரப் பிடித்து, அதைச் சுழலவிட்டு நூலைக் கொடுப்பது முதல் வகை. நூற்கண்டை மேசைமேல் நிறுத்திவைத்து அதன் தலைப்பக்கமாக நூலை உருவுவது இரண்டாம் வகை. எந்த எடையை எவ்வளவு தூரம் வீசலாம், எவ்வளவு தடித்த நரம்பைச் சுற்றலாம், எங்கே சிக்கல் விழும், பெரிய மீன் ஒன்று புதருக்குள் பாயும்போது அதைத் திருப்ப முடியுமா என்பவற்றுக்கெல்லாம் விடை இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

வரலாறும் இதே கோட்டில்தான் நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்னும் சிற்றூரில் கடிகாரம் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய பற்சக்கர ரீலைத்தான் பெய்ட்காஸ்டரின் முன்னோடியாகக் கொள்கிறார்கள். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் பல முறை சுற்றும் அமைப்பு அது. கடிகாரச் சக்கரங்களோடு பழகிய கைக்கு அது இயல்பாக வந்திருக்க வேண்டும். அந்த ரீல்களில் இரையை வீசும்போது ஸ்பூலும் சுழன்றே தீர வேண்டும் என்பதால், இலேசான இரையை வீசுவது அன்று மிகக் கடினம். இந்தத் தடையை நீக்க முயன்றவர்களில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த பீட்டர் மாலக் ஒருவர். 1884இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில், வீசும்போது ஸ்பூலைப் பக்கவாட்டில் திருப்பி அதன் முனை வழியே நரம்பை உருவவிடலாம். பிறகு ஸ்பூலைப் பழைய நிலைக்குத் திருப்பி நரம்பைச் சுற்றிக்கொள்ளலாம். உருவும்போது ஏறிய முறுக்கு சுற்றும்போது இறங்காததால் அந்த ரீலில் நரம்பு முறுக்கேறிக்கொண்டே போனது. 1905இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் ஸ்பூலை நிலையாக நிறுத்திவிட்டு, நரம்பைச் சுற்றும் உறுப்பை அதைச் சுற்றி ஓடவிடும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் நூற்பாலைத் தொழிலைச் சேர்ந்தவர். நூற்புக் கதிரின் முனையிலிருந்து நூல் கழன்று வருவதை நாள்தோறும் பார்த்தவருக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனாலும் ஸ்பின்னிங் ரீல் உலகெங்கும் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். முக்கியக் காரணம் ரீல் அன்று, நரம்பு. அதுவரை புழங்கிய பின்னல் பட்டு நூல் நனைந்தால் கனக்கும், உலர்த்தாவிட்டால் மக்கும். 1938இல் டூபாண்ட் நிறுவனம் அறிவித்த நைலானிலிருந்து ஒற்றை இழை நரம்பு வந்ததும், நிலையான ஸ்பூலிலிருந்து தடையின்றிக் கழன்று ஓடக்கூடிய மெல்லிய, வழவழப்பான இழை முதன்முதலாகக் கைக்குக் கிடைத்தது. பிரான்சின் மிட்செல் ரீல்கள் அமெரிக்கச் சந்தையை நிறைத்ததும், மறுபுறம் சுவீடனின் ஆபு நிறுவனம் மையவிலக்கு பிரேக்கோடு ஆம்பாசடர் ரீலை 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. இரு வகைகளும் ஒன்றையொன்று ஒழித்துவிடாமல் இன்றுவரை இணையாக ஓடுவதன் காரணம், இரண்டும் வெவ்வேறு வேலைகளைச் செய்வதுதான்.

பெய்ட்காஸ்டரைப் பற்றிப் புதியவர்கள் அஞ்சுவது நரம்புச் சிக்கலுக்காக. அது ஏன் விழுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால், எந்த இரைக்கு எந்த ரீல் என்னும் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 107 மில்லிமீட்டர். இரை விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கோலின் நுனியை விட்டுக் கிளம்பினால், அதற்கு ஈடுகொடுக்க ஸ்பூல் விநாடிக்கு 230 சுற்றுக்கு மேல், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 14,000 சுற்று வேகத்தை ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் எட்ட வேண்டும். எட்டியபின் இரை காற்றின் தடையால் உடனே வேகம் குறையத் தொடங்குகிறது. ஸ்பூலுக்கு அந்தச் செய்தி தெரியாது; தான் பெற்ற வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். இரை கேட்பதைவிட அதிகமான நரம்பை ஸ்பூல் கொடுக்கும்போது, வெளியேற வழியில்லாத நரம்பு ஸ்பூலின் மேலேயே தளர்ந்து எழும்பி, அடுத்த சுற்றில் அடியில் மாட்டிக்கொண்டு, ஒரு நொடியில் கலைந்த நூற்கண்டாகிவிடுகிறது. இரை தண்ணீரைத் தொட்டு நின்ற பிறகும் ஸ்பூலை நிறுத்தாமல் விட்டால் இதே கதிதான். எதிர்காற்றில் வீசும்போது சிக்கல் அதிகமாக விழுவதும் இதனால்தான். காற்று இரையை மட்டுமே தடுக்கிறது, ஸ்பூலைத் தடுப்பதில்லை.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. ஸ்பூலைச் சுழற்றுவதற்கான ஆற்றலை வேறு யாரும் தருவதில்லை. பறக்கும் இரையும் வளையும் கோலும்தான் தர வேண்டும். திண்மமான உருளை ஒன்று அதன் விளிம்பு வேகத்துக்கு வரத் தேவைப்படும் ஆற்றல், அதன் எடையில் பாதியளவுள்ள பொருளை அதே வேகத்தில் வீசத் தேவைப்படும் ஆற்றலுக்குச் சமம். எடை விளிம்பை ஒட்டி இருந்தால் அதைவிடவும் கூடும். ஸ்பூலும் அதிலுள்ள நரம்பும் சேர்ந்து 20 கிராம் என்றால், நாம் கண்ணுக்குத் தெரியாத 10 கிராமுக்கு மேற்பட்ட ஒரு சுமையையும் இரையோடு சேர்த்து வீசுகிறோம் என்று பொருள். இரை 20 கிராமாக இருந்தால் இந்தச் சுமையை அது பொருட்படுத்தாது. 4 கிராமாக இருந்தால் நமது விசையின் பெரும்பகுதி ஸ்பூலைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடும்; இரை தடுமாறிக்கொண்டு அருகிலேயே விழும். பெய்ட்காஸ்டர் இலேசான இரைகளை வெறுக்கிறது என்று சொல்லப்படுவதன் பின்னணி இதுதான். இதில் கைத்திறனுக்கு இடம் குறைவு. பௌதிகம் ஏற்கெனவே கணக்கை முடித்துவைத்துவிட்டது.

சிக்கலைத் தடுக்க ரீலுக்குள் இரண்டு வகை பிரேக்குகள் வைக்கப்படுகின்றன. மையவிலக்கு பிரேக்கில் சிறு கட்டைகள் சுழற்சியால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராய்கின்றன. அவற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வீச்சின் தொடக்கத்தில் வலுவாகப் பிடித்து, ஸ்பூல் தணியத் தணிய விட்டுவிடுகின்றன. காந்த பிரேக்கில் அலுமினிய ஸ்பூல் காந்தப் புலத்தில் சுழலும்போது தோன்றும் சுழல் மின்னோட்டம் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பு வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் வீச்சின் கடைசிவரை ஓரளவு தொடர்கிறது. நீண்ட வீச்சை விரும்புபவர்கள் முதல் வகையையும், காற்றில் அடிக்கடி வீச வேண்டியவர்கள் இரண்டாம் வகையையும் பாராட்டுவது வழக்கம். நுண்கணினியே பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ரீல்களும் வந்துவிட்டன. என் கணிப்பில், எந்த பிரேக்கும் கட்டைவிரலுக்குத் துணைதான். ஸ்பூலின் மேல் மெதுவாகப் படிந்து நரம்பு தளர்வதை உணரும் கட்டைவிரலே பெய்ட்காஸ்டரின் உண்மையான பிரேக். இரை நீரைத் தொடும் கணத்துக்குச் சற்று முன் அதை அழுத்தி நிறுத்தினால், சிக்கலும் விழாது. இரையும் சத்தமில்லாமல், நினைத்த இடத்தில் இறங்கும்.

ஸ்பின்னிங் ரீலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஸ்பூல் நிற்பதால் இரை தனக்கு வேண்டிய நரம்பை மட்டும் உருவிக்கொண்டு போகிறது. இரை நின்றால் நரம்பும் நின்றுவிடுகிறது. 2 கிராம் இரையைக்கூடத் தொலைவுக்கு அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் இந்த வசதிக்கு வேறொரு விலை உண்டு. நரம்பு சுருள் சுருளாகக் கழன்று வந்து கோலின் முதல் வளையத்தில் மோதி நேராக வேண்டியிருக்கிறது. நரம்பு தடிக்கத் தடிக்க, விறைக்க விறைக்க, இந்தச் சுருள்கள் பெரிதாகி உராய்வும் கூடுகிறது. 17 பவுண்டு இழுவிசை தாங்கும் ஃப்ளோரோகார்பன் என்னும் செயற்கை இழை நரம்பைச் சாதாரண 2500 அளவு ஸ்பின்னிங் ரீலில் சுற்றிப் பார்த்தவர்களுக்கு, பெயிலை (நரம்பைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளைவை) திறந்ததுமே அது கம்பிச்சுருளைப் போலத் துள்ளி வெளியே வருவது தெரிந்திருக்கும். எனவே ஸ்பின்னிங் ரீல் மெல்லிய, இளகிய நரம்புகளின் கருவி.

முறுக்கு இரண்டாவது விலை. ஸ்பூலைச் சுற்றி ஓடும் உறுப்பான ரோட்டர் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறுகிறது. அடுத்த வீச்சில் அதே வழியாக உருவும்போது அது இறங்கிவிடுவதால் சாதாரணமாகக் கவலையில்லை. மீன் இழுக்க, டிராக் (பலமாக இழுக்கும் மீனுக்கு நரம்பை விட்டுக்கொடுக்கும் உராய்வு அமைப்பு) வழுக்கி நரம்பு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பவர்களிடம்தான் வினை தொடங்குகிறது. 6 மடங்கு பற்சக்கர விகிதமுள்ள ரீலில் ஒரு சுற்றுக்கு ஆறு முறுக்கு வீதம் நரம்பில் ஏறுகிறது; ஓர் அங்குல நரம்பும் உள்ளே வருவதில்லை. பதற்றத்தில் முப்பது சுற்று சுற்றியவர் 180 முறுக்கை ஏற்றியிருப்பார். அடுத்த சில வீச்சுகளில் முடிச்சு விழுந்தால் அவர் ரீலைத் திட்டுவார். டிராக் சத்தம் போடும்போது கைப்பிடியை விட்டுவிட வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. வீச்சு முடிந்ததும் பெயிலைக் கையால் மூடி, நரம்பை ஒரு முறை இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குவது தளர்ந்த சுருள்கள் அடியில் புதைவதைத் தடுக்கும். ஏற்கெனவே முறுக்கேறிய நரம்பை, இரையைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஓடும் படகின் பின்னால் நீளமாக விட்டு இழுத்துவந்தால் முறுக்கு தானாக அவிழ்ந்துவிடும்.

நரம்பைச் சுற்றி இழுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. பெய்ட்காஸ்டரில் கைப்பிடியின் அச்சும் ஸ்பூலின் அச்சும் இணையானவை. நரம்பு கோலிலிருந்து நேராக ஸ்பூலுக்கு வருகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஏறுவதைப் போல விசை வீணாகாமல் போய்ச் சேர்கிறது. ஸ்பின்னிங் ரீலில் நரம்பு ஒரு சிறு உருளைமேல் செங்கோணத்தில் திரும்பித்தான் ஸ்பூலில் ஏற வேண்டும். பற்சக்கரங்களும் விசையைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டும். ஆழத்தில் ஓடும் பெரிய கிராங்க்பெய்ட் போன்ற, நீரை எதிர்த்து வலுவாக இழுக்கும் இரைகளை நாள் முழுவதும் சுற்றும்போது இந்த வேறுபாடு மணிக்கட்டில் தெரியும்.

இங்கே பற்சக்கர விகிதத்தைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். 7.1 விகிதமுள்ள பெய்ட்காஸ்டர், 6.2 விகிதமுள்ள ஸ்பின்னிங் ரீலைவிட வேகமானது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒரு சுற்றுக்கு உள்ளே வரும் நரம்பின் நீளம் விகிதத்தை மட்டுமன்றி ஸ்பூலின் விட்டத்தையும் பொறுத்தது. 34 மில்லிமீட்டர் ஸ்பூலில் 7.1 விகிதம் சுற்றுக்கு ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் தருகிறது. 46 மில்லிமீட்டர் ஸ்பூலில் 6.2 விகிதம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தருகிறது. பெய்ட்காஸ்டரின் ஸ்பூல் பாதி காலியாகி, நரம்பின் மேற்பரப்பு 26 மில்லிமீட்டராகச் சுருங்கினால் அதே 76 சென்டிமீட்டர் 58 ஆகக் குறைந்துவிடும். ரீலின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விகிதத்தைவிட, சிறிய எழுத்தில் இருக்கும் நரம்பு நீளக் கணக்கையே பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தால் எல்லைக்கோட்டைப் போடுவது எளிது. கால் அவுன்ஸ், அதாவது 7 கிராமுக்குக் கீழே ஸ்பின்னிங். மூன்றெட்டாம் அவுன்ஸ், ஏறத்தாழ 10 கிராமுக்கு மேலே பெய்ட்காஸ்டிங். இடைப்பட்டது இரண்டுக்கும் பொதுவான நிலம். அனுபவத்தில் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆயினும் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் தூண்டில் முள்ளை மறந்துவிடுகிறார்கள். கனத்த ஜிக்கில் (முள்ளோடு குண்டும் சேர்ந்த இரையில்) தடித்த கம்பியால் செய்த முள் இருக்கும். டெக்சஸ் ரிக் என்னும் கட்டுமுறையிலோ முள்முனை மென்பிளாஸ்டிக் புழுவுக்குள் மறைந்திருக்கும். மீனின் வாயில் அவை ஆழமாகக் குத்த வேண்டுமானால் விறைத்த கோல், நீளாத நரம்பு, வழுக்காத டிராக் ஆகிய மூன்றும் தேவை. இது பெய்ட்காஸ்டரின் உலகம். டிராப்ஷாட், நெட் ரிக் என்னும் இலேசான கட்டுமுறைகளில் மெல்லிய கம்பி முள்ளின் முனை வெளியே தெரியும். கோலை வெட்டி இழுக்காமல் நரம்பை விறைப்பாக்கிக்கொண்டு சுற்றினாலே அது ஏறிவிடும். அங்கே வன்மையாக இழுத்தால் நரம்பு அறும், அல்லது முள் நிமிரும். அதனால் கடையில் ரீலிலிருந்து தொடங்கிக் கோல், நரம்பு, இரை என்று இறங்குவது தலைகீழ் வழி. எந்த இரை, எந்த முள், அதற்கு எவ்வளவு நரம்பு, அந்த நரம்புக்கு எந்தக் கோல் என்று வந்தால், ரீல் கடைசியில் தானாகவே தீர்மானமாகிவிடும்.

நீர்நிலையும் இந்த வரிசையைத் தள்ளிவைக்க விடாது. ஃபுளோரிடாவின் ஒகிசோபி ஏரி பரந்தது, ஆனால் ஆழமற்றது. கோரையும் நீர்த்தாவரங்களும் அடர்ந்தது. அங்கே பெரியவாய் பாஸ் தாவரப் போர்வையின் அடியில் கிடக்கிறது. ஓர் அவுன்ஸுக்கு மேற்பட்ட டங்ஸ்டன் குண்டால் அந்தப் போர்வையைத் துளைத்து இரையை இறக்கி, மீன் கவ்விய மறுகணமே அதைத் தழைகளோடு சேர்த்து மேலே தூக்கியாக வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தால் அது தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். 65 பவுண்டு பிரெய்டும் (பின்னல் நரம்பும்) கனத்த கோலும் பெய்ட்காஸ்டரும் அங்கே ஆடம்பரம் அல்ல, தேவை. மாறாக, அமெரிக்க கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் 1988இல் வரிக்குதிரைச் சிப்பிகள் கண்டறியப்பட்டன. அவை நீரை வடிகட்டி உண்பவை என்பதால் பெருகப் பெருக நீர் தெளிந்தது. சிறியவாய் பாஸ் வாழும் இத்தகைய தெளிந்த, திறந்த நீரில் மெல்லிய ஃப்ளோரோகார்பன் முனைநரம்பும் சிறிய டிராப்ஷாட் இரையும்தான் பேசும். நைலானின் ஒளிவிலகல் எண் 1.5ஐத் தாண்டும், ஃப்ளோரோகார்பனின் எண் 1.42, நீரின் எண் 1.33. நீருக்கு நெருக்கமாக இருப்பதால் அது மீனின் கண்ணுக்குக் குறைவாகவே தெரிகிறது என்பது அதை விற்பவர்களின் வாதம். அதில் எவ்வளவு உண்மை என்று வாதாடலாம். மெல்லிய நரம்பில் சிறிய இரை இயல்பாக அசைகிறது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

மீனின் எடையைக் காரணம் காட்டிப் பெய்ட்காஸ்டரைப் பரிந்துரைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்ததும், 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்ததும் பெரியவாய் பாஸின் உலகச் சாதனைகள். இரண்டும் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவை ஒட்டியவை. நாம் பிடிக்கும் பாஸ் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கிலோதான். திறந்த நீரில் 8 பவுண்டு நரம்பும் நல்ல டிராக்கும் அந்த எடைக்குத் தாராளம். வலுவான கருவியைக் கேட்பது மீன் அல்ல; அது ஓடி ஒளியும் மரக்கட்டையும் புதரும்தான்.

போட்டி வீரர்கள் பெய்ட்காஸ்டரை விரும்புவதற்கு வலிமையைவிட நேரம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்பூல் விடுபடுகிறது. கைப்பிடியைச் சற்றே திருப்பினால் பிடித்துக்கொள்கிறது. ஸ்பின்னிங்கில் நரம்பை விரலில் கொக்கியிட வேண்டும், பெயிலைத் திறக்க வேண்டும், வீசியபின் மூட வேண்டும். கரையோரமாக நகரும் படகிலிருந்து ஒவ்வொரு மரக்கட்டைக்கும் ஒவ்வொரு பாறைக்கும் இரையை வைத்துக்கொண்டே போகும் ஒருவர் ஒரு நாளில் ஆயிரம் முறைக்குமேல் வீசக்கூடும். வீச்சுக்கு இரண்டு விநாடி மிச்சம் என்றால் அது அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 1970களில் கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் போட்டிக் களத்துக்குக் கொண்டுவந்த ஃபிளிப்பிங் முறையும், அதன் உறவான பிட்சிங்கும் இந்த விரைவை நம்பியவை. கையில் பிடித்த இரையை ஊசல்போல ஆட்டி, நீர்மட்டத்தை ஒட்டிப் பறக்கவிட்டு, கட்டைவிரலால் நிறுத்தி, நீர் தெறிக்காமல் ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் இறக்குவதை ஸ்பின்னிங்கில் செய்ய முடியாது என்பதில்லை. செய்ய யாரும் விரும்புவதில்லை.

ஸ்பின்னிங் தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு. தாழ்ந்த படகுத்துறைகளின் அடியில், தட்டைக்கல் தண்ணீரில் தத்திச் செல்வதைப் போல இரையைத் தாவவிடும் வீச்சில், ஒவ்வொரு தாவலிலும் இரையின் வேகம் சட்டென்று குறைகிறது. பெய்ட்காஸ்டருக்கு அது சிக்கலுக்கான அழைப்பு, ஸ்பின்னிங்குக்கு அது ஒன்றுமே இல்லை. நடுவில் முள் குத்திய மென்புழு எடையின்றி நேராகக் கீழே இறங்க வேண்டுமானால் நரம்பு தடையின்றித் தளர வேண்டும். திறந்த பெயில் அதைச் செய்யும், பெய்ட்காஸ்டரில் கையால் நரம்பை இழுத்து இழுத்துக் கொடுக்க வேண்டும். மெல்லிய நரம்பில் பெரிய மீன் படகின் அடியில் பாயும்போது, ஸ்பின்னிங் ரீலின் அகன்ற டிராக் தட்டுகள் நடுக்கமின்றி வழுக்கிக் கொடுப்பதும் பெரிய ஆறுதல்.

கோல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பின்னிங் கோலில் வளையங்கள் கீழ்நோக்கி இருக்கும். முதல் வளையம் பெரியது. பெய்ட்காஸ்டிங் கோலில் அவை மேல்நோக்கியும் சிறியவையாகவும் இருக்கும். ஒன்றின் ரீலை மற்றதில் மாட்டக் கூடாது.

இந்த எல்லைகளை அண்மைக் காலம் இரு பக்கத்திலிருந்தும் நகர்த்தியிருக்கிறது. பாலிஎத்திலீன் இழைகளால் பின்னிய பிரெய்டு நரம்பு 1990களில் பரவியபின், 10 பவுண்டு தாங்கும் நரம்பை 2 பவுண்டு நைலானின் தடிமனுக்கு அருகில் பெற முடிகிறது; அதன் முனையில் இரண்டு மூன்று மீட்டர் ஃப்ளோரோகார்பனை முடிந்துகொண்டால், ஸ்பின்னிங் ரீல் முன்பைவிடத் தொலைவாக வீசுகிறது, பிரெய்டு நீளாததால் நூலிழை அசைவையும் கைக்குச் சொல்கிறது. எதிர்ப்புறத்தில், ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் ஆழமற்ற, சில கிராம் எடையே உள்ள ஸ்பூல்களைப் பெய்ட்காஸ்டரில் பொருத்தி, 3 அல்லது 4 கிராம் இரையையும் வீசக்கூடிய பெய்ட் ஃபினெஸ் வகையை வளர்த்தெடுத்தார்கள். மேலே சொன்ன ஆற்றல் கணக்கை நினைவில் வைத்தால் இதில் மாயம் எதுவும் இல்லை என்பது விளங்கும்: சுழல வேண்டிய எடையைக் குறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இது இனிய கருவி. முதல் கருவியாக வாங்கத் தக்கதன்று.

முதலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நடுத்தர வலுவுள்ள 7 அடிக் கோலும் 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீலும், 10 பவுண்டு பிரெய்டும் 8 பவுண்டு முனைநரம்பும் என்பேன். புதியவர் என்பதற்காக அன்று. கனமான இரையைச் சுமாராக வீசும் ஸ்பின்னிங் கருவி இலேசான இரையை நன்றாக வீசும், சாதாரணப் பெய்ட்காஸ்டரோ இலேசான இரையைச் சுமாராகக்கூட வீசாது. தழை மண்டிய நீர் மட்டுமே கிடைக்கிறது என்பவர்கள் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவதாக வாங்கும் பெய்ட்காஸ்டரில் முதலில் பிரெய்டையோ ஃப்ளோரோகார்பனையோ சுற்றாமல், 12 அல்லது 14 பவுண்டு நைலானை விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சுற்ற வேண்டும். சிக்கல் விழுந்தாலும் அது எளிதில் பிரியும், மடிப்பு விழுந்து பலமிழப்பதும் குறைவு. 14 கிராம் குண்டு ஒன்றைக் கட்டி, கோலைக் கிடையாகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் குண்டு மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். அப்படி நிற்கும்வரை பக்கக் குமிழைத் திருக வேண்டும். பிரேக்கை உச்சத்துக்கு அருகில் வைத்து, வெட்டி வீசாமல் கோல் தானாக வளைந்து விடுமாறு வீச வேண்டும். இன்னும் ஒரு காப்பு உண்டு. எட்டக்கூடிய தூரத்துக்கு ஒரு முறை வீசிவிட்டு, மேலும் சில மீட்டர் நரம்பை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிஞ்சியிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டால், எவ்வளவு மோசமான சிக்கலும் அந்த நாடாவுக்குக் கீழே இறங்காது. கட்டைவிரல் பழகிய பிறகு பிரேக்கை ஒவ்வொரு புள்ளியாகத் தளர்த்தலாம். நாடாவை உரித்தெடுக்கும் நாளை அந்த விரலே சொல்லிவிடும்.